ஐம்பது ஹெர்ட்ஸ்

ஷார்ஜா, பதினோராம் நம்பர் இண்டஸ்ட்ரியல் ஏரியா.
டயர் குடோனுக்குப் பின்னால்
ஏசி டக்ட் மடிக்கிற ஷெட்.
வியாழன் இரவு பத்துக்கு மேல்
ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டால்
அது எங்களுடையது.

நான் பகலில் எலெக்ட்ரீஷியன்,
இரவில் பேஸ் கிடார்.
ஃப்யூஸ் போகும்வரை
இருவரையும் யாரும் பார்ப்பதில்லை.

குகப்பிரியனின் கிடார் மட்டும் அலையடிக்கும்.
ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர்
குப்பைத் தொட்டியருகே விட்டுச் சென்ற ரெக்கார்டுகளில்
அவன் வாசிக்கக் கற்றான்.
எழுபதுகளின் தட்டுகள்,
ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு.
ஜூன் வெயிலில் வளைந்திருந்தன.
வளைந்த இடத்தில் சுரம் ஏறி வழுக்கும்;
அந்தக் காலத்து பாணியே அதுதான் என்று நம்பி
ஒன்றரை வருடம் சாதகம் செய்துவிட்டான்.
உண்மை தெரிந்தபோது
விரல் நேராக வரவில்லை.

என்ன அடித்துவிட்டு வாசிக்கிறீர்கள் என்று கேட்பார்கள்.
கரக் சாயா. இரண்டு பனடால்.
மிச்சத்தை எமிரேட்ஸ் ரோடு பார்த்துக்கொள்ளும்:
ஆகஸ்ட் மதியத்தில் அங்கே
லாரிகள் தண்ணீரில் மிதந்து வருகின்றன,
சக்கரமில்லாமல்.

முதல் நாளே ஆம்ப்பில் ஓர் இரைச்சல்.
எர்த் மாற்றினேன். கேபிள் மாற்றினேன்.
போகவில்லை.
ஹோட்டல் லாபியில் கல்யாணப் பாட்டு வாசித்துவிட்டு
டையைக் கழற்றாமல் வந்திருந்த ரோமெல்
கட்டை கட்டையாகத் தட்டி
அது குடியிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தான்.
ஜி-க்கு ஒரு மயிரிழை மேலே.
போகமாட்டேன் என்கிறவனைச்
சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்றான்.
எல்லோரும் ஒரு மயிரிழை ஏற்றிக்கட்டினோம்.

பாட்டு இருபத்திரண்டு நிமிடம்.
ஏழு அடி.
நான் தகிட தகதிமி என்று எண்ணுவேன்,
ஃபர்ஹத் தின் தின் நா என்று,
ரோமெல் எண்ணுவது எந்த மொழி என்று தெரியாது,
முகவாய் ஆடும்.
ஏழாவதில் மூவரும் ஒரே வாசலில் முட்டிக்கொள்வோம்.

பிறகு ஃபர்ஹத்தின் டேங்கர் கம்பெனி மூடியது.
தம்மாமில் வேறு டேங்கர், வேறு விசா.
டிரம்ஸ் இங்கே போர்வைக்கடியில்.
இரண்டு மாதம் கழித்து ஒரு ஆடியோ அனுப்பினான்:
கேம்ப் அறையில்
நெய் டின்னும் சூட்கேஸும் வைத்து
இருபத்திரண்டு நிமிடமும் ஒற்றை ஆளாக.
நடுவில் யாரோ இருமுகிறார்கள்.
ஓரிடத்தில் பாங்கு கேட்கிறது,
அங்கே மட்டும் நிறுத்தி
விட்ட அடியிலிருந்து தொடர்கிறான்.

எங்கள் வாசிப்பின்மேல் அதைப் போட்டோம்.
தாளம் இம்மி பிசகவில்லை.
ஆனாலும் அடியில் ஏதோ அழுதது.

எனக்குத் தெரியும், என் தொழில் அது.
அங்கே கரண்ட் அறுபது ஹெர்ட்ஸ்.
இங்கே ஐம்பது.
அவன் அறை ஏசியின் முனகலும்
எங்கள் ஆம்ப்பின் முனகலும்
ஒன்றையொன்று உரசுகின்றன.

ஃபில்டர் போட்டு எடுத்துவிடலாம் என்றான் குகப்பிரியன்.
ஹெட்போனை மாட்டினான்.
சிறுவயதில் ஐந்து வருடம் வயலின் கற்று
ஓடிவந்தவன்.
அவன் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது.
ஐந்துக்கு ஆறு, என்றான்.
நாம் ஸட்ஜம் என்றால்
அவன் காந்தாரம்டா.
எந்தக் காந்தாரம்?
சாதாரண காந்தாரம்.

அதற்குப் பிறகு
பதினான்காவது நிமிடத்தில் கையை எடுத்துவிடுகிறோம்.
இங்கிருந்து ஒன்று, அங்கிருந்து ஒன்று,
இரண்டு நாட்டு மின்சாரம் மட்டும்
தனியாகப் பாடும்.
பாட்டு இப்போது இருபத்தாறு நிமிடம்.

போன வாரம் அஜ்மானில்
ஒரு ரெஸ்டாரண்டின் மாடியில் வாசித்தோம்.
கேட்டவர்கள் பதினொரு பேர்.
பதினான்காவது நிமிடம்.
கை எடுத்தோம்.
கடைசி மேசையிலிருந்து ஒருவர்
பரோட்டாக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்,
சட்டைப் பையில் டெஸ்டர்.
"தம்பி, ஸ்பீக்கர்ல எர்த் லூஸா இருக்கு,
நான் வேணா பாக்கவா?"

ஏழு எண்ணுங்கண்ணே, என்றேன்.